78 சீட்டு, 3 கருவி: ஏஜென்ட் படிப்பதற்கு ஆவணம் எழுதிய அனுபவம்

நேற்று இரவு பத்தரை மணி. குறி பார்க்கும் டாரட் சீட்டுகளுக்காக நான் எழுதிய கருவியை அண்ணியின் லேப்டாப்பில் ஓர் ஏஐ ஏஜென்ட்டோடு (கேட்டதைச் செய்யத் தேவையான கருவிகளைத் தானே அழைத்துப் பயன்படுத்தும் நிரல்) இணைத்துவிட்டு, எதுவும் சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி தட்டிய கேள்வி இது: "மேசைல நானே மூணு சீட்டு எடுத்தேன். நடுவுல கோப்பை 5, தலைகீழ். இதை எப்படி எடுத்துக்கிறது?" ஏஜென்ட் புதிதாகச் சீட்டு எடுக்கவில்லை. பொருள் பார்க்கும் கருவியை ஒரே ஒரு முறை அழைத்தது. சீட்டின் பெயரையும் நிலையையும் சரியாக அனுப்பியது. கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளைச் சொன்னது, பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டையும் சொன்னது. மற்ற இரண்டு சீட்டும் என்ன என்று கேட்டது. அண்ணி என் பக்கம் திரும்பி, "தம்பி, இப்பத்தான் இது சீட்டைப் பார்த்துப் பேசுது" என்றார்.

கருவியை எழுத இரண்டு மாலை போதுமாக இருந்தது, சுமார் 140 வரி பைதான் நிரல். அதை ஒரு ஏஜென்ட் ஒழுங்காகப் பயன்படுத்தும்படி ஆவணம் எழுத ஐந்து வாரம் ஆனது. எங்கெங்கே தவறினேன் என்பது மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

கருவி என்பது ஒரு சின்ன எம்சிபி சர்வர். எம்சிபி 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை. வெளியே இருக்கும் கருவிகளை ஏஐ ஏஜென்ட் தெரிந்துகொண்டு அழைப்பதற்கான பொது வழி. என் சர்வர் 78 சீட்டைக் கலைத்துக் கேட்ட எண்ணிக்கையில் எடுத்துத் தரும், ஒவ்வொன்றும் நேரா தலைகீழா என்று சொல்லும், பொருளையும் தரும். கேட்டவருடைய நிலைமையோடு சேர்த்துச் சொல்வது ஏஜென்ட்டின் வேலை. கிளி ஜோசியத்தில் கிளி சீட்டை எடுத்துப் போடும், ஜோசியர் பிரித்துப் படிப்பார். அந்தப் பிரிவினைதான் இங்கேயும். எடுப்பவரும் படிப்பவரும் ஒருவராகிவிடக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அந்த முடிவை ஏஜென்ட்டுக்குப் புரியவைக்கத்தான் இவ்வளவு நாள் பிடித்தது.

அண்ணி பல வருடமாக டாரட் பார்ப்பவர். அவரிடம் இருப்பது 1909-இல் லண்டனில் வெளிவந்த ரைடர்–வெயிட்–ஸ்மித் கட்டின் மறுபதிப்பு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வடிவமைக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள். வெயிட் 1942-இலும் ஸ்மித் 1951-இலும் இறந்துவிட்டார்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்பதால், வெயிட் தந்த பொருள் வரிகளை அடிப்படையாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை. 78 சீட்டு, நேருக்கு ஒன்று தலைகீழுக்கு ஒன்று என்று 156 பதிவுகள். தமிழில் எழுதி, அண்ணியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் ஆவணம் 11 பக்கம். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது வெறும் சீட்டாட்டமாக இருந்தது என்பதில் தொடங்கி, கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு வகைகளின் குணம், சீட்டுகளை மேசையில் பரப்பும் விரிப்பு முறைகள் எல்லாம் எழுதினேன். மனிதர் படித்தால் பயன்படும், நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ஏஜென்ட் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, திறக்க அதற்கு வழியும் இல்லை. எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற சோதனைக் கருவியைப் போட்டு, என் சர்வர் உண்மையில் எதை அனுப்புகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கருவியின் பெயர், அதன் விளக்கம், உள்ளீடுகளின் வடிவம். மூன்றே மூன்று. விளக்கம் என்ற இடத்தில் நான் அவசரத்தில் எழுதிய "டாரட் சீட்டு எடுக்கும்" என்ற ஒரு வரி இருந்தது. பைதான் ஃபங்ஷனின் தலையில் எழுதும் அந்த டாக்ஸ்டிரிங்தான் ஏஜென்ட்டுக்கு முழு ஆவணமும்.

இன்ஸ்பெக்டருக்கு வருவதற்கு முன் ஒரு மாலை முழுக்க வேறொன்றில் போனது. இணைப்பு தொடங்கியதும் அறுந்துகொண்டே இருந்தது. காரணம், எந்தச் சீட்டு வந்தது என்று பார்க்க நான் போட்ட ஒரு பிரிண்ட் வரி. சர்வர் ஸ்டாண்டர்ட் அவுட்புட் (நிரல் தன் வெளியீட்டை எழுதும் வழக்கமான பாதை) வழியாகப் பேசும்போது, அந்தப் பாதையில் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் எழுதிய செய்திகள் மட்டும்தான் போக வேண்டும். நடுவில் "வாள் 3" என்று வெறும் எழுத்து போனால் எதிர்முனைக்கு அது குப்பை. பதிவு வரிகளை எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனிப் பாதைக்கு மாற்றியதும் சரியானது.

அடுத்து, சோதனைக்கு 20 கேள்விகள் தயார் செய்தேன். "வேலையை விடலாமான்னு யோசிக்கிறேன், ஒரு சீட்டு பாரு" மாதிரி, மனிதர்கள் கேட்கும் விதத்திலேயே. ஒவ்வொன்றையும் இரண்டு முறை, மொத்தம் 40 ஓட்டம். அதில் 13 முறை ஏஜென்ட் கருவியை அழைக்கவே இல்லை. தானே ஒரு சீட்டைச் சொல்லி, தானே பொருளும் சொல்லிவிட்டது. வாசிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 13-இல் நட்சத்திரமும் கோபுரமும் திரும்பத் திரும்ப வந்தன. நாணயம் 6 போன்ற சாதாரணச் சீட்டு ஒருமுறைகூட வரவில்லை. மூன்று சீட்டை வரிசையாக எடுத்தால் 4,56,456 விதமாக வரலாம். அதில் எது வருகிறது என்பது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். கேள்வியைப் படித்துவிட்டுப் பொருத்தமான சீட்டைத் தேர்ந்தெடுத்தால் அது டாரட் பார்ப்பது இல்லை, ஆறுதல் சொல்வது. எனக்கு இது முக்கியமாகப் பட்டது. நம்பிக்கையோடு கேட்பவரிடம் சீட்டைக் கலைத்ததாகச் சொல்லிக் கலைக்காமல் இருப்பது பொய்.

விளக்கத்தை மாற்றி எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பயனருக்காகச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தால் இதை அழை. நீயே சீட்டைத் தேர்ந்தெடுக்காதே. நீ நினைத்துச் சொல்லும் சீட்டு கலைத்து எடுத்த சீட்டு ஆகாது. பயனர் தன் கையிலிருக்கும் கட்டிலிருந்து எடுத்ததைச் சொன்னால் இதை அழைக்காதே, பொருள் பார்க்கும் கருவியை அழை. ஒரு கேள்விக்கு ஒருமுறை மட்டும் எடு." கடைசி வரி அண்ணி சொன்னது. ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டாவது முறை எடுப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். அதற்கு முந்தைய வரியும் அவரால்தான் வந்தது. ஒருமுறை அவர் "எனக்கு வாள் 3 வந்துச்சு" என்று எழுதியதற்கு, ஏஜென்ட் புதிதாக மூன்று சீட்டு எடுத்துப் போட்டு அவருடைய சீட்டை மறந்தே போனது.

எப்போது அழைக்க வேண்டும் என்பதைவிட எப்போது அழைக்கக் கூடாது என்பதை எழுதியதில்தான் அதிகப் பலன் கிடைத்தது. கருவியை அழைக்காத ஓட்டங்கள் 13-இலிருந்து 1 ஆகக் குறைந்தன.

அப்புறம் ஒரு புதிர். மூன்று நாள் தொடர்ந்து, வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே மூன்று சீட்டு வந்துகொண்டே இருந்தது. கலைக்கும் நிரலை நாலு முறை படித்தேன், பிழை இல்லை. அழைப்புகளின் பதிவைப் பார்த்தால், ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் 'சீட்' (seed, கலைப்பதைத் தொடங்கி வைக்கும் எண்) என்ற உள்ளீட்டில் 42 என்று நிரப்பி அனுப்பியிருந்தது. சோதனையில் ஒரே சீட்டு மறுபடி வர வேண்டும் என்பதற்காக நான் வைத்திருந்த எண் அது. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் நிரப்பத்தான் தோன்றும் போலிருக்கிறது. "இதை நிரப்பாதே" என்று விளக்கத்தில் சேர்த்தும் இரண்டு மூன்று முறை நிரப்பியது. கடைசியில் அந்த உள்ளீட்டையே எடுத்துவிட்டு, சோதனைக்கு மட்டும் என் கணினியின் என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் அமைப்பு) வைத்துக்கொண்டேன். கலைப்பதையும் இயங்குதளத்தின் தற்செயல் எண்களிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன்.

இனி, அதிக நேரம் எடுத்த பகுதி: சீட்டின் உள்ளடக்கம். முதல் வடிவத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் நாலைந்து சொற்கள் மட்டும். கோப்பை 5-க்கு "இழப்பு, வருத்தம், ஏமாற்றம்". அதை வைத்துக்கொண்டு ஏஜென்ட் கேட்டவரிடம் எல்லாம் போய்விட்டது என்கிற தொனியில் பேசியது. அண்ணி அந்தச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். கறுப்புப் போர்வை போர்த்த ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். அவர் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளிருந்தது தரையில் ஓடுகிறது. அவர் முதுகுப் பக்கம் இரண்டு கோப்பைகள் சிந்தாமல் நிற்கின்றன. தூரத்தில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம், அக்கரையில் ஒரு சிறிய கோட்டை. "அவர் இன்னும் திரும்பிப் பார்க்கலை, அவ்வளவுதான்" என்றார் அண்ணி. வெயிட்டும் மூன்று போய் இரண்டு மிச்சம் என்றுதான் எழுதியிருக்கிறார். நான் அந்த மிச்சத்தைச் சுருக்கும்போது வெட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவிலும் 'காட்சி' என்று ஒரு புலம் சேர்த்தேன். சீட்டில் கண்ணால் பார்க்கக்கூடியது மட்டும், இரண்டு மூன்று வாக்கியத்தில். பொருள் சொற்கள் அதற்குக் கீழே. இந்த ஒரு மாற்றத்தில் வாசிப்புகளின் தரம் மேலே போனது கண்கூடாகத் தெரிந்தது. ஏஜென்ட் படத்தைப் பார்ப்பதில்லை, நாம் எழுதித் தரும் வரிகள்தான் அதற்குப் படம். 78 காட்சி எழுத ஒன்பது இரவுகள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இரவுகளும் அவைதான்.

தலைகீழ் என்பதிலும் சிக்கல் இருந்தது. பாதிக்குப் பாதி வரும்படி நிரலில் போட்டிருந்தேன். அண்ணி கேட்டார்: "யாருக்குத் தலைகீழ்? எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கா, எனக்கா?" அவருடைய முறையில் சீட்டு பார்ப்பவரின் பக்கத்திலிருந்து. ஆவணத்தில் அதை ஒரு வரியாக எழுதிவைத்தேன். தலைகீழே பார்க்காத பலர் உண்டு என்பதால், அதை அணைக்க ஓர் உள்ளீடும் சேர்த்தேன்.

அதைவிடப் பெரிய இடறல் கெல்டிக் கிராஸ் என்ற பத்துச் சீட்டு விரிப்பில். அதில் இரண்டாவது சீட்டு முதல் சீட்டின்மேல் குறுக்காகப் படுத்திருக்கும். படுத்திருக்கும் சீட்டுக்கு நேர் ஏது, தலைகீழ் ஏது? என் கருவி அதற்கும் தலைகீழ் என்று சொல்லிக்கொண்டிருந்தது, ஏஜென்ட்டும் அதை வைத்து ஒரு பத்தி பேசிக்கொண்டிருந்தது. அண்ணி உட்பட அந்தச் சீட்டை எப்போதும் நேராகவே எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. இப்போது கருவி அந்த இடத்துக்கு 'குறுக்கு' என்ற தனி நிலையைத் தருகிறது. இடங்களை எண்ணால் மட்டும் சொல்வதையும் விட்டுவிட்டேன். மூன்றாவது சீட்டை மேலே வைப்பவரும் உண்டு, கீழே வைப்பவரும் உண்டு. "மேலே", "கீழே", "கடந்தது" என்று பெயராகவே வருகிறது.

எண்ணால் வந்த இன்னொரு குழப்பம் 8-ஆம் சீட்டு. பழைய மார்செய் கட்டில் 8 நீதி, 11 வலிமை. வெயிட் இரண்டையும் இடம் மாற்றி 8-ஐ வலிமையாக்கினார். பயனர் "எட்டாம் நம்பர் சீட்டு" என்று எழுதினால் எது என்பது அவர் கையிலிருக்கும் கட்டைப் பொறுத்தது. கருவி இப்போது பெயரை மட்டும்தான் ஏற்கும். 8 அல்லது 11 என்று வந்தால் இரண்டு பெயரையும் சொல்லி, படத்தில் சிங்கம் இருக்கிறதா, தராசு இருக்கிறதா என்று பயனரிடம் கேட்கும்படி ஏஜென்ட்டுக்குப் பதில் தரும்.

இந்த மாதிரிப் பதில்கள்தான் ஆவணத்தின் இரண்டாம் பாதி என்று நினைக்கிறேன். முதலில் தவறான உள்ளீட்டுக்கு, கேட்டது பட்டியலில் இல்லை என்கிற வெறும் 'கீ எரர்' போனது. ஏஜென்ட் அதே தவறை மூன்று முறை அனுப்பிவிட்டு, கருவியை விட்டுத் தானே பொருள் சொல்லத் தொடங்கிவிடும். "இந்த வகை இல்லை. கோல், கோப்பை, வாள், நாணயம் இவற்றில் ஒன்றைத் தா" என்று பிழைச் செய்தியிலேயே வழி சொன்னதும், இரண்டாவது முயற்சியில் சரியாக வந்தது. விளக்கம் எழுதும்போது நமக்குத் தோன்றாத கேள்விகளுக்கெல்லாம் பிழைச் செய்தியில் இடம் இருக்கிறது.

தமிழுக்கென்று இரண்டு இடம். "கோப்பை" என்று சிலர் எழுதியது கிடைத்தது, சிலர் எழுதியது கிடைக்கவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால் ஒன்றில் ஓகாரக் குறி ஒற்றை யூனிகோட் எழுத்தாகவும், மற்றதில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் இருந்தன. ஒன்றில் ஆறு குறியீடு, மற்றதில் ஏழு. உள்ளே வரும் எதையும் முதலில் என்எஃப்சி என்ற, ஒரே எழுத்தை ஒரே விதமாக வைக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, ஒரே வரி வேலை. இரண்டாவது, பதில்கள் எதிர்பார்த்ததைவிட நீளமாகப் போயின. பைதானின் ஜேசன் நூலகம் இயல்பாகத் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றி எழுதும். "கோப்பை" என்ற ஒரு சொல் 36 எழுத்தாகிவிடுகிறது. அந்த மாற்றத்தை அணைத்ததும் செலவு குறைந்தது தெளிவாகத் தெரிந்தது.

எனக்குக் கவலை தந்த ஓட்டம் ஒன்று உண்டு. சோதனைக் கேள்விகளில் "நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், பண்ணலாமா" என்பதையும் வைத்திருந்தேன். வந்தது 13-ஆம் சீட்டு, மரணம். டாரட்டில் அந்தச் சீட்டை ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத்தான் பார்ப்பார்கள், உடல் சாவாக அல்ல. இது தெரியாத ஒருவரிடம், அந்த இரவில், அந்தச் சொல் எப்படி விழும் என்பதை நினைத்தாலே கலக்கமாக இருந்தது. மருத்துவம், சட்டம், பணம் பற்றிய முடிவுகளைச் சீட்டிலிருந்து சொல்லாதே என்று விளக்கத்தில் எழுதியிருந்தேன்தான். ஆனால் உரையாடல் நீண்டால் ஏஜென்ட் அதைத் தளர்த்திவிடுகிறது. எச்சரிக்கையை விளக்கத்திலிருந்து எடுத்து, அந்தந்தச் சீட்டின் பதிலுக்குள்ளேயே 'இப்படிப் படிக்காதே' என்ற புலமாக வைத்தேன். சீட்டோடு சேர்ந்தே வருவதால் மறப்பதில்லை. மரணம், கோபுரம், சாத்தான், வாள் 10 உட்பட 11 சீட்டுகளுக்கு எழுதியிருக்கிறேன். இப்போது அதே கேள்விக்கு ஏஜென்ட் சீட்டே எடுக்காமல், முடிவை மருத்துவரிடம் கேட்கச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் விசாரிக்கிறது.

செலவு: சோதனை ஓட்டங்களுக்கு மொத்தம் 1,180 ரூபாய். சர்வர் என் லேப்டாப்பிலேயே ஓடுகிறது. சீட்டுக்கட்டு அண்ணியுடையது. கருவிகள் முதலில் ஏழு இருந்தன, ஒவ்வொரு விரிப்புக்கும் ஒன்று. ஏழில் எது என்று ஏஜென்ட் தடுமாறியதால் மூன்றாக்கினேன்: சீட்டு எடு, பொருள் பார், விரிப்புகளைக் காட்டு. 11 பக்க ஆவணத்தில் இப்போது மிச்சமிருப்பது கருவிக்கு ஒன்பது வரி விளக்கமும் தரவுக் கோப்பும்தான்.

மறுபடி தொடங்கினால் 20 கேள்விகளைத்தான் முதலில் எழுதுவேன், நிரலுக்கும் முன்பே. அண்ணியை மூன்றாவது வாரத்தில் கூப்பிட்டதற்குப் பதில் முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். தரவுக் கோப்புக்குப் பதிப்பு எண் போட்டிருப்பேன். எந்தக் காட்சி வரியை மாற்றியதால் எந்த வாசிப்பு மாறியது என்று இப்போது பின்னோக்கிப் பார்க்க முடியவில்லை.

பாக்கி இருப்பது மாற்றுப் பெயர்களின் பட்டியல். வீட்டில் சீட்டு ஆடிப் பழகியவர்கள் ராஜா, ராணி என்று எழுதினால் கருவி புரிந்துகொள்கிறது. சிக்கல் "வாள் ஜாக்கி". சாதாரணக் கட்டில் மூன்று படச் சீட்டு, டாரட்டில் நான்கு. சீட்டாட்டத்து ஜாக்கிக்கு நிகரானது பேஜ் என்ற இளம் சேவகன். ஆனால் ஜாக்கி என்றதும் நம் ஆட்களுக்குக் குதிரை ஓட்டுபவரும் நினைவுக்கு வருவார், அப்போது அது நைட் ஆகிவிடும். ஸ்மித்தின் படங்களில் நான்கு நைட்டும் குதிரைமேல் இருக்கிறார்கள், நான்கு பேஜும் தரையில் நிற்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லுக்கு மட்டும் பொருள் தராமல், "சீட்டில் குதிரை இருக்கிறதா என்று பயனரிடம் கேள்" என்று பதில் அனுப்பும்படி இன்று காலை எழுதி வைத்திருக்கிறேன். சாயங்காலம் அண்ணி சோதித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.